மேடையில் நிற்பவர் யார் என்று சபைக்குச் சொல்லுங்கள்: கன்வென்ஷன் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வட்டாரச் சபைகள் சேர்ந்து நடத்தும் கன்வென்ஷன் என்ற நற்செய்திக் கூட்டங்களின் கமிட்டித் தலைவர், செயலர், பொருளாளர் ஐயாமாருக்கும், கமிட்டியில் இருக்கும் போதகர்மார் எல்லோருக்கும்,

ஸ்தோத்திரம் சொல்லி நேரே விஷயத்துக்கு வருகிறோம். மேடையில் தேவசெய்தி கொடுக்க வெளியூரிலிருந்து வரும் செய்தியாளர்களிடம் இதுவரை வாங்கிவந்த ஒரு பக்க விவரப் படிவத்தை இனி வாங்க வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். “தேவன் அபிஷேகம் பண்ணினவரிடம் மனுஷன் சர்டிபிகேட் கேட்கலாமா?” என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நாங்கள் உங்கள் சபைகளில் கணக்கு எழுதுகிறவர்கள், ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவர்கள், கல்யாணப் பதிவேடு பார்க்கிறவர்கள். இந்தத் தீர்மானத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. அந்தப் படிவம் இல்லாமல்போனால் வரும் சிக்கல் கடைசியில் எங்கள் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

கேட்கலாமா என்ற கேள்விக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரமே பதில் சொல்கிறது. அப்பொல்லோ நல்ல பேச்சாளர், வேதத்தில் வல்லவர். ஆனால் யோவான் கொடுத்த ஸ்நானத்துக்கு மேல் அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டுக் கவனித்து, தனியே அழைத்துக்கொண்டுபோய்த் திருத்தியவர்கள் கூடாரம் பண்ணிப் பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். பிறகு அவர் அகாயாவுக்குப் போக விரும்பியபோது, அவரை ஏற்றுக்கொள்ளும்படி சகோதரர்கள் அங்கிருந்த சீஷர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். ரோமர் 16 தொடங்குவதே பெபேயாளுக்குப் பவுல் எழுதிய அறிமுகத்தோடுதான்: யார் இவர், எந்தச் சபை, இதுவரை என்ன செய்திருக்கிறார். உங்கள் பழைய படிவத்திலும் சாராம்சமாக இருந்தது இந்த மூன்று கேள்விதான். அபிஷேகத்துக்கு இது அவமரியாதை என்றால், அதைப் பவுலிடம்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.

படித்தவரை மட்டும் மேடை ஏற்றுங்கள் என்று நாங்கள் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1912-இல் தோர்ணக்கல் பேராயரான வே. ச. அசரியா குருத்துவத்துக்கு வருமுன் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலராக இருந்தவர். டி.ஜி.எஸ். தினகரன் ஸ்டேட் பாங்க் ஊழியர். வேதபோதகர் சகரியா பூணன் கடற்படை அதிகாரி. இவர்கள் யாரும் முழுநேர ஊழியத்துக்கு முன் செய்த வேலையை மறைக்கவில்லை. எங்கிருந்து வந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். 1947-இல் மதுரை-இராமநாதபுரம் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின், கிராமச் சபைகளை அந்தந்த ஊர் விசுவாசிகளே நடத்தட்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். ஏர் பிடித்தவர் ஆராதனை நடத்துவது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. அவரைப் பற்றி ஊருக்கே தெரியும், அதனால் யாரும் படிவம் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து காரில் வந்து, மூன்று இராத்திரி பேசி, காணிக்கையோடு புறப்பட்டுப் போகிறவரை இங்கே யாருக்குத் தெரியும்?

ஊழியத்துக்கு வரும் வழிகள் பல. ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. தென்னிந்தியத் திருச்சபையில் ஒருவர் ஐயராக, அதாவது போதகராக, வர வேண்டுமானால் சேகரக் (சில சபைகள் சேர்ந்த வட்டம்) கமிட்டியின் சிபாரிசு, பேராயத் (பிஷப்பின் கீழுள்ள சபைகள்) தேர்வு, இறையியல் படிப்பு, அப்புறம் டீக்கன் என்ற உதவிக் குரு, அப்புறம் பிரஸ்பிட்டர் என்ற முழுக் குரு என்று பல படிகள் உண்டு. செராம்பூர் கல்லூரி வழங்கும் பி.டி. என்ற இறையியல் பட்டப் படிப்பு பட்டதாரிகளுக்கு நான்கு ஆண்டு, மற்றவர்களுக்கு ஐந்து. நம் அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் அதைத் தமிழிலேயே படிக்கலாம். இப்படி வந்தவரிடம் “எந்தப் பேராயம், எந்த ஆண்டு குருத்துவம், இப்போது எந்தச் சேகரம்” என்று கேட்டால் போதும். பெந்தெகொஸ்தே சபைகளில் வேதாகமப் பள்ளிப் படிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு. அதைவிட முக்கியமானது, மூத்த பாஸ்டர் ஒருவருக்குக் கீழே உதவி ஊழியராக எத்தனை ஆண்டு இருந்தார் என்பது. பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்கள் சேர்ந்து வாழும் விசுவாச வீட்டில் தங்கிப் பழகியே ஊழியராகிறார்கள். அங்கே பட்டம் கேட்டால் சிரிப்பார்கள். எந்த விசுவாச வீடு, யாருக்குக் கீழே என்று கேட்டால் ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

சிக்கல் வருவது இந்த எந்த வழியிலும் வராதவரிடம். தானே சபை தொடங்கி, தானே தலைமைப் போதகராகி, டிரஸ்டில் மனைவியையும் மைத்துனரையும் போட்டுக்கொண்டவர். அப்படித் தொடங்கியதே குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல சபைகள் சில அப்படித்தான் முளைத்திருக்கின்றன. ஆனால் அவர் தவறினால் கண்டிக்கிற அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கு “தேவனுக்கு மட்டும்” என்று பதில் வந்தால், அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கையை வைத்து அபிஷேகம் பண்ணினவர்கள் யார், அவர்கள் இன்னும் இவரைத் தங்களுடையவர் என்று சொல்கிறார்களா என்று போன் போட்டுக் கேட்க ஐந்து நிமிடம் போதும். பழைய சபையிலிருந்து ஏன் வெளியே வந்தார் என்பதை இவர் வாயால் மட்டும் கேட்காமல் அவர்களிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துவராவிட்டால் உடனே யார் பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். பிரிவினை நடந்த சபைகளில் இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கும். முழுவதும் விசாரித்து முடிக்கும்வரை மேடையைத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்து, பெயருக்கு முன்னால் வரும் பட்டங்கள். உங்கள் கடந்த பிளக்ஸ் பேனரை எட்டிநின்று பார்த்தாலே தெரியும். செய்தியாளர் படம் ஆள் உயரம், அதற்கு மேல் “அப்போஸ்தலர் பிஷப் டாக்டர்”, கீழே பெயர். எந்தச் சபை, எந்த ஊர் என்பது பேனரில் எங்கேயும் இல்லை. பந்தல் போட்டவரின் போன் நம்பர் இருக்கிறது. பேராயர் என்றால் எந்தப் பேராயத்துக்கு? டாக்டர் என்றால் எந்தப் பல்கலைக்கழகம், என்ன தலைப்பில் ஆய்வு?

1956-ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றச் சட்டம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனமும் மட்டுமே பட்டம் வழங்கலாம். 23-ஆம் பிரிவு, அப்படி அமையாத எதுவும் தன் பெயரில் ‘யுனிவர்சிட்டி’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது. இறையியலில் செராம்பூருக்கு 1827-ஆம் ஆண்டு டென்மார்க் அரச சாசனமும் 1918-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. வேறு பல இறையியல் கல்லூரிகள் ஏடிஏ (ஆசிய இறையியல் சங்கம்) போன்ற அமைப்புகளின் அங்கீகாரத்தில் நடக்கின்றன. அது அரசு அங்கீகாரம் கிடையாது, ஆனாலும் பாடத்திட்டமும் நூலகமும் ஆசிரியரும் இருக்கிறார்களா என்று பார்த்துக் கொடுப்பது. அதையும் மதிக்கலாம். இவை எதிலும் சேராமல், ஹோட்டல் ஹாலில் அங்கியும் தொப்பியும் மாட்டிவிட்டு போட்டோ எடுத்துக் கொடுக்கும் ‘கௌரவ டாக்டர்’ பட்டம் தனி ரகம். 2023-இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு இப்படிப் பட்டம் வழங்கி, பல்கலைக்கழகமே போலீசில் புகார் கொடுக்க வேண்டிவந்தது. இடம் நிஜம் என்பதால் பட்டமும் நிஜம் என்று ஆகிவிடாது. உண்மையான பல்கலைக்கழகம் கொடுத்த கௌரவப் பட்டத்தைக்கூடப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான் மரபு.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. பட்டச் சான்றின் நகலை வாங்குங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் யுஜிசி பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அவர்களே வெளியிடுகிறார்கள். வெளிநாட்டுப் பெயராக இருந்தால் வகுப்பு எங்கே நடந்தது, எத்தனை ஆண்டு, ஆய்வேடு எந்த நூலகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். உண்மையாக ஆராய்ச்சி பண்ணினவருக்கு இந்தக் கேள்வி சந்தோஷமாக இருக்கும். அரை மணி நேரம் அதைப்பற்றியே பேசுவார், நிறுத்துவதுதான் பாடு.

இனி எங்களை அதிகம் அலைக்கழிக்கிற விஷயம், கல்யாணம். நீங்கள் மேடையில் ஏற்றிய பெயர்தான் அடுத்த தை மாதம் பத்திரிகையில் ‘விவாகத்தை நடத்தி வைப்பவர்’ என்று அச்சாகிறது. மேடையில் பேசியவர் என்பதாலேயே கல்யாணம் நடத்தவும் அதிகாரம் உள்ளவர் என்று ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 5-ஆம் பிரிவின்படி விவாகம் நடத்தக்கூடியவர்கள்: பேராயர் முறையில் அபிஷேகம் பெற்ற, அந்தச் சபையின் விதிப்படி நடத்தும் குருமார், ஸ்காட்லாந்து சபைக் குருமார், மாநில அரசிடம் உரிமம் பெற்ற ஊழியர், திருமணப் பதிவாளர், இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகத்துக்குச் சான்று வழங்க உரிமம் பெற்றவர். சுயாதீனச் சபைப் பாஸ்டருக்கு உரிமம் கட்டாயம். அது அரசிதழில் வெளியாகும், அரசு நினைத்தால் ரத்தும் பண்ணலாம். டிரஸ்ட் பதிவு எண் உரிமம் ஆகாது. சங்கப் பதிவும் ஆகாது. ‘அகில இந்திய’ என்று தொடங்கும் பாஸ்டர் ஐக்கியத்தின் அடையாள அட்டையும் ஆகாது. உரிமம் இல்லாமல் நடத்தினால் 68-ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்கள் ஐக்கியத்திலேயே கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

நேரமும் கணக்கு. 10-ஆம் பிரிவுப்படி விவாகம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். விலக்கு இருப்பது சில சபைகளின் சிறப்பு அனுமதிக்கு மட்டும். மண்டபம் சாயங்காலம்தான் கிடைத்தது, பாட்டுக்குழு வரத் தாமதமாயிற்று, செய்தி நீண்டது என்று தாலி கட்டும்போது ஏழே முக்கால் ஆகிற கல்யாணங்கள் நம் ஊரில் குறைவா? நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கிற பழக்கம் உள்ள சபைகளில் மூன்று வாரம் வாசிக்க வேண்டும். ஊழியரைத் தவிர இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். பதிவேட்டில் பெயர் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே இருக்க வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதார்ப் பெயர் வேறு என்றால் இரண்டையும் எழுத வேண்டும். இதில் எதுவுமே இல்லாமல், கலர் பார்டர் போட்ட ‘விவாகச் சான்றிதழ்’ ஒன்றை லேமினேஷன் பண்ணிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அன்றைக்கு யாருக்கும் குறை தெரியாது. பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் சேர்க்கப் போகும்போதும், கணவன் துபாயிலிருந்து விசாவுக்குக் காகிதம் கேட்கும்போதும், சார்பதிவாளர் அலுவலகத்தில் “நடத்தினவருடைய உரிமம் எங்கே” என்று கேட்கும்போதும்தான் தெரியும். 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதுவும் கடந்திருக்கும். கடைசியில் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள். சில சமயம் கைக்குழந்தையோடு. இதில் அதிகம் அடிபடுவது பெண். ஜீவனாம்சமோ, கணவன் இறந்தபின் பென்ஷனோ கேட்டுப் போகும்போது கல்யாணம் நடந்ததையே அவள் நிரூபிக்க வேண்டியதாகிறது. நடத்தி வைத்தவர் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லப் போகிறோம், மற்றது உங்களுக்கே தெரியும். கூட்டம் முடிகிற நேரத்தில் திரையில் ஒரு க்யூஆர் கோடு வருகிறது. அதைப் போனில் ஸ்கேன் பண்ணினால் ஊழியத்தின் பெயர் வர வேண்டும். வருவது ஒரு தனி ஆளின் பெயர். பல நேரம் செய்தியாளரின் பெயர்கூட இல்லை, மகன் பெயரோ டிரைவர் பெயரோ. டிரஸ்ட் வங்கிக் கணக்கு என்றால் டிரஸ்ட் பெயர்தான் தெரியும். ஆகவே கூட்டத்துக்கு முந்தின நாளே உங்கள் பொருளாளர் அந்தக் கோடில் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டு, பெயர் சரியில்லாவிட்டால் திரையில் போட மறுக்கலாம். “80ஜி ரசீது உண்டு”, அதாவது காணிக்கைக்கு வருமான வரிச் சலுகை உண்டு, என்று மேடையில் சொல்லும்போதும் ஒரு வார்த்தை கேளுங்கள். முழுக்க மத காரியத்துக்கான அமைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. தர்ம ஸ்தாபனம் மொத்த வருமானத்தில் 5 சதவீதம் வரைதான் மத காரியத்துக்குச் செலவு பண்ணலாம். அனாதை இல்லத்துக்கென்று ரசீது போட்டுவிட்டுக் கன்வென்ஷன் பந்தலுக்குச் செலவு பண்ணினால், ரசீதை நம்பி வரிக்கணக்கு கொடுத்த விசுவாசிதான் நோட்டீசுக்குப் பதில் எழுத வேண்டும்.

சாட்சிகளையும் விசாரியுங்கள். முன்னாள் ரவுடி, முன்னாள் மந்திரவாதி, முன்னாள் கோயில் தர்மகர்த்தா என்று அறிமுகம் செய்யப்படுகிறவர்களின் கதை மேடைக்கு மேடை வளர்வதைப் பழைய வீடியோக்களை வரிசையாகப் பார்த்தால் தெரியும். ஒரு கூட்டத்தில் ஆறு மாதச் சிறை, இன்னொன்றில் ஏழு ஆண்டு. எந்த ஆண்டு இரட்சிக்கப்பட்டார், எந்தச் சபையில் யார் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று கேட்டால் மூன்று விவரமும் ஒரு பக்கத்தில் அடங்கும். வேறு மதப் பின்னணியிலிருந்து வந்தவர்களுக்கு ஊரில் ஆபத்து இருக்கலாம். அதை நாங்கள் அறிவோம். அவர்களுடைய விலாசத்தையோ குடும்பப் படத்தையோ வெளியிடச் சொல்லவில்லை. முழுப் படிவம் செயலரிடம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், சபைக்கு நான்கு வரி போதும். இன்னொன்று: படிவத்தில் சாதி கேட்காதீர்கள். ‘பின்னணி’ என்றவுடன் “எந்த ஊர், யார் மகன், தாய்மாமன் வீடு எங்கே” என்று சுற்றிவளைத்து நாம் விசாரிப்பது எதை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த விசாரணையை மட்டும் நம் சபைகள் ஒருநாளும் விட்டதில்லை. படிப்பையும் பொறுப்பையும் கேட்கத்தான் கூச்சப்படுகிறோம்.

வேதபாடம் நடத்த வருகிறவரின் போதனையை எப்படி அறிவது? அரை நிமிட ஷார்ட்ஸைப் பார்த்து அழைக்காதீர்கள். முழு நீளச் செய்தி மூன்றை, வெவ்வேறு ஆண்டில் பேசியதை, கமிட்டியில் இரண்டு பேர் வேதாகமத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கட்டும். பார்க்க வேண்டியது எளிது. எடுத்த வசனத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதைச் சொல்கிறாரா? எரேமியா 29:11 புதுவருஷ வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம். அதற்கு முந்தின வசனமே பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் திரும்பிவரப் போவதில்லை. இதைச் சொல்லிவிட்டு ஆறுதல் சொல்கிறவர் போதகர். இதை மறைத்துவிட்டு “இந்த மாதமே உன் வீட்டுக் கடன் தீரும்” என்கிறவரை எந்தப் பட்டம் இருந்தாலும் அழைக்க வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்தி ஒன்றில் வந்தாலும் அதோடு முடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் நாலு நாள் நிறுத்தினால் ஐசியூவில் முடியலாம். அப்போது செய்தியாளர் வரமாட்டார்.

சிறுவர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கட்டாயமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஏதாவது நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் “சபைக்குள்ளே பேசித் தீர்த்தோம்” என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19, 21-ஆம் பிரிவுகளில் அதுவே குற்றம். கமிட்டியும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும்.

எங்கள் கோரிக்கைகள் இவை. படிவத்தை நிறுத்திய தீர்மானத்தை அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே ரத்து செய்யுங்கள். இந்த ஆண்டுக்கு ஒப்புக்கொண்ட செய்தியாளர்களிடமும், பிளக்ஸ் அச்சுக்குப் போகுமுன் படிவம் வாங்குங்கள். தராதவர் பெயரை அச்சிட வேண்டாம். சபை, ஊர், அபிஷேகம் பண்ணினது யார், படிப்பு ஆகிய நான்கு வரியைக் கைப்பிரதியில் போடுங்கள். சரிபார்க்காத டாக்டர், பிஷப் பட்டங்களை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் போடுங்கள். கமிட்டியில் இருக்கும் போதகர்மாரில் திருமண உரிமம் பெற்றவர்கள் யார், அரசிதழ் தேதி என்ன என்று ஒரு பட்டியல் தயாரித்து ஒவ்வொரு சபையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். உரிமம் இல்லாதவர்கள் அதை வாங்கும்வரை, உரிமம் உள்ள அடுத்த சபைப் போதகரைக் கொண்டு விவாகத்தை நடத்தி, செய்தியையும் ஜெபத்தையும் மட்டும் தாங்கள் எடுத்துக்கொள்ளட்டும். மேடையில் எடுக்கும் காணிக்கையை உறவினர் அல்லாத மூன்று பேர் அங்கேயே எண்ணிக் கையெழுத்துப் போட்டு, எவ்வளவு வந்தது, செய்தியாளருக்கு எவ்வளவு போனது என்பதை அடுத்த ஞாயிறு சபைகளில் வாசியுங்கள்.

படிவத்தின் மாதிரியை நாங்களே தட்டச்சு செய்து செயலர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறோம். சான்று சரிபார்க்கவும் போன் போட்டு விசாரிக்கவும் ஆட்களைத் தருகிறோம், கமிட்டிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பதிலை எழுத்தில் கொடுங்கள். பதில் வரும்வரை நாங்கள் பொறுப்பேற்றிருக்கிற சபைகளில் கன்வென்ஷன் காணிக்கைக் கவர்களை விநியோகிக்க மாட்டோம்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரச் சபைகளின் பொருளாளர்கள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், விவாகப் பதிவேட்டுப் பொறுப்பாளர்கள் சிலர்